சட்டை நுனி

ஞாயிறுதோறும் வேலை, வீடு, புதிதாக வாங்கிய கருவிகள் பற்றி இணையத்தில் எழுதுவது மகிழ்நனின் வழக்கம். போன வாரம் தன் காதுக்கருவியைப் புகழ்ந்திருந்தான். எந்தச் சத்தத்துக்கு நாம் முகம் சுளிக்கிறோமோ, அதை மட்டும் தானாகவே அடைத்துவிடும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்? மகள் துளிர் இப்போதெல்லாம் என் சட்டை நுனியை இழுத்துவிட்டுத்தான் பேசுகிறாள், என்ன ஒரு செல்லம் என்றும் எழுதியிருந்தான். பலர் இதயம் போட்டிருந்தார்கள்.

இந்த வாரம் கருவியை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தபோது, அணைந்திருந்த கணினித் திரையில் பின்னால் நின்ற துளிரின் முகம் தெரிந்தது. வாய் அசைந்தது. தெருவில் கீரை விற்பவரின் குரல் தெளிவாகக் கேட்டது. அவள் குரல் கேட்கவில்லை.

"எவ்ளோ கூப்பிட்டும் அப்பா திரும்பலன்னு அழுதா," என்றாள் மனைவி மதுரா. "சட்டைய இழு, கழட்டிட்டுக் கேப்பாருன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

கருவியைக் கழற்றி மேசையில் வைத்தான். "வாடா கண்ணு. சொல்லு, அப்பா கேக்குறேன்."

துளிர் அவன் வெறுங்காதைப் பார்த்தாள். ஆனாலும் சட்டை நுனியை ஒருமுறை இழுத்துவிட்டுத்தான், "அப்பா" என்றாள்.