மடை திறக்கும் நேரம்

பண்ணை விடுதியின் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து பெரியவர் தன் இமைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். மில்லில் ஆயுசு முழுக்க ராத்திரி ஷிப்ட் பார்த்த உடம்பு, பொழுது ஏறினால் தானாகச் சாய்கிறது. வீட்டு ஜன்னல்களில் போர்வை கட்டி வெயிலை வெளியே நிறுத்தியவர் மடியில் இங்கே மொத்த வெயிலும் விழுகிறது. கல்யாணமான புதிதில் மனைவியோடு இதே அறையில் தங்கியபோதும் பகலெல்லாம் குறட்டைதான். பள்ளத்தாக்கை அவள் மட்டும் பார்த்தாள். ராத்திரி அவருக்குத் தூக்கம் வராதபோது, தானும் விழித்திருந்து, பகலில் பார்த்ததைச் சொன்னாள். இப்போது அவள் இல்லை. அவள் சொன்னதில் மடை திறப்பதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று மகளை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். "அப்பா, தலை ஆடுது," என்று மகள் தோளைத் தட்டுகிறாள். "ஆடினா ஆடட்டும், கண்ணு திறந்துதானே இருக்கு?" "குறட்டையும் வருதே!" "சும்மா இருடி, ஆள் வந்துட்டான் பாரு." கீழே ஒருவர் மண்வெட்டியால் வாய்க்கால் மடையை வெட்டிவிடுகிறார். தண்ணீர் சலசலத்து இறங்குகிறது. சரிவில் மேல் வயல் மின்னுகிறது, அப்புறம் அதற்குக் கீழ் வயல், அதற்கும் கீழே ஒன்று. ஈர மண்வாசனை ஜன்னல்வரை ஏறி வருகிறது. வந்தவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறார். "இவ்வளவுதானாப்பா?" "இவ்வளவுதான் போல." பெரியவர் இன்னும் கீழேயே பார்க்கிறார். "உங்கம்மா இதை விடியற வரைக்கும் சொன்னாடி."