குரல் சரியில்லை

வோலோஸ் நகரில் பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் நூலகம் ஒன்றுக்குத் தெயானோ பொறுப்பாளர். அங்கே சம்பளமில்லாமல் வந்து வாசிப்பவர்களில் பொலிக்ஸேனியைப் போல் ஒழுங்கானவள் கிடையாது. துப்பறியும் கதைகள் அவளுக்குப் பிடிக்காது. ஆனாலும் அவற்றை மட்டுமே கேட்டு வாங்கி வாசிப்பாள்.

ஸ்டேர்யோஸ் என்ற நேயர்தான் தொல்லை. அவள் வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் போன் செய்து குறை சொல்வார். இனியும் மறைக்க வேண்டாமென்று தெயானோ அன்று வாயைத் திறந்தாள்.

“ஸ்டேர்யோஸ்னு ஒருத்தர் உங்க வாசிப்பைக் குறை சொல்லிக்கிட்டே இருக்கார். மனசுல வெச்சுக்காதீங்க.”

“என்ன சொன்னார்?”

“வாக்கியத்தோட கடைசியை முழுங்கறீங்களாம். இந்தத் தடவை இருமல் வேறயாம். தேன் கலந்து ஏதாவது சூடா குடிக்கச் சொல்லுங்கன்னார்.”

“இருமல் கடைசி அத்தியாயத்துலதான் வந்துச்சு. அப்போ முழுசாக் கேட்டிருக்கார்.”

“அவரைத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரர். பார்வை மங்கினதும் கார் சாவியைப் பிடுங்கி வெச்சேன். அன்னிலேர்ந்து ஒரே வீட்டுல இருந்தும் பேசறதில்லை. நான் வாயைத் திறந்தா எழுந்து போயிடுவார்.”

“வாசிக்கறது நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?”

“இத்தனை வருஷம் கேட்ட குரலாச்சே, தெரியாம என்ன?”

பொலிக்ஸேனி அலமாரிப் பக்கம் திரும்பினாள். “அடுத்தது கொஞ்சம் குண்டான புத்தகமாக் குடுங்க.”