பெயர் எழுதாத சீட்டு

பேனாவைச் சீட்டில் வைத்த பிறகு, அவள் தன் கையெழுத்தை மாற்றிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாக இதே வட்டாரத்தில் குப்பை கொட்டுகிறவள். அவளுடைய சாய்ந்த எழுத்தை இங்கே இருக்கிற முப்பது ஆசிரியர்களும் தூரத்தில் பார்த்தே சொல்லிவிடுவார்கள். அதனால் ஒன்றாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுவது மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் உருட்டி உருட்டி எழுதினாள்.

ஏப்ரல் வெயில். கல்வியாண்டின் கடைசிக் கூட்டம்.

சோர்ந்துபோன ஆசிரியர்களுக்கு உற்சாகம் ஊட்ட வந்த பயிற்றுநர், காலையிலிருந்து நான்கு முறை எல்லோரையும் கைதட்டவைத்துவிட்டார். இப்போது ஆளுக்கொரு சீட்டு.

"இந்த வருஷம் உங்களால முடியாமப்போன ஒண்ணு. ஒளிக்காம எழுதுங்க. பேரே வேண்டாம். எல்லாருமா சேர்ந்து வழி கண்டுபிடிப்போம்."

மற்றவர்களுக்கு அது விளையாட்டு.

அவளுக்கு இல்லை.

அவளுடைய மூன்றாம் வகுப்பில் தர்ஷிகா என்றொரு பிள்ளை. எழுத்துக்கூட்ட வரவில்லை. அவளும் சொல்லிக்கொடுத்து முட்டிமோதிப் பார்த்தாள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த அன்று கைகழுவிவிட்டாள். கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

பிள்ளை மட்டும் தினமும் நோட்டை நீட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. அவள் வாங்கி, பேசாமல் மேசையில் வைத்துவிடுவாள்.

வெட்கமாக இருந்தது. யாராவது ஒரு வழி சொல்லமாட்டார்களா என்றும் இருந்தது.

'மூன்று மாதமாக ஒரு பிள்ளையிடம் நான் பேசவே இல்லை. மறுபடி எப்படித் தொடங்குவது?'

மடித்து டப்பாவில் போட்டாள்.

பயிற்றுநர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். பெற்றோர் ஒத்துழைப்பு போதவில்லை. பதிவேடுகள் அதிகம். புரொஜெக்டர் ஆகஸ்டிலிருந்து வேலை செய்யவில்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு அவளுடைய சீட்டு.

சிரிப்பு நின்றது. பயிற்றுநர் அதை இன்னொரு முறை படித்தார். நிஜமாகவே ஒருவர் எழுதிவைப்பார் என்று அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை.

அவளுடைய பள்ளியின் தலைமையாசிரியை வசந்தகோகிலம் எட்டிச் சீட்டை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது நம்ம பெனிட்டா எழுத்தாச்சே."

பெனிட்டா அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தற்காலிகமாக வந்தவள். விடுப்புக் கடிதத்தைக்கூட உருட்டி உருட்டித்தான் எழுதுவாள்.

சீட்டை எழுதியவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

"நான் எழுதலைங்க மேடம்" என்றாள் பெனிட்டா.

"பயப்படாதம்மா. பேரு வேண்டாம்னுதானே சொன்னாங்க" என்று தலைமையாசிரியை சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "ஜூன்ல உன்னையே மறுபடி போடலாம்னு இருந்தேன். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது."

பெனிட்டாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவளுக்காகத்தானே எல்லோரும் சொல்லப்போகிறார்கள்.

பக்கத்திலேயே உட்காரவை என்றார் ஒருவர். காலையில் வகுப்புக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையை எண்ணிச் சொல்லச் சொல். அதன் பெயரில் இருக்கிற எழுத்துகளிலிருந்து தொடங்கு. நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேள், சொல்வதை எழுதிக்காட்டு, அதையே படிக்கச் சொல்.

எல்லாம் நல்ல யோசனைகள். இத்தனை வருடத்தில் இவ்வளவு உருப்படியாக ஒரு கூட்டம் நடந்ததே இல்லை.

பெனிட்டா நின்றாள். அழாமல் இருப்பதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது.

சீட்டை எழுதியவளோ தன் நோட்டைத் திறந்து ஒன்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது. எந்தக் குறிப்பு எழுதினாலும் யாருக்கு என்பதை மேலே எழுதிவிட்டுத்தான் தொடங்குவாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதியது.

"நீங்கதான் இங்க சீனியர். ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றார் பயிற்றுநர்.

எழுந்தாள். 'அது என் சீட்டு.' மூன்றே வார்த்தை. தொண்டைவரை வந்தது.

"முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட பேசும்மா" என்றாள். "பேரைச் சொல்லிக் கூப்பிடு. பேசாம இருக்கறது பெரிய பாவம்."

அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

டீ வந்தது. பெனிட்டா அவளிடம் வந்தாள்.

"நின்னுக்கிட்டே இருந்ததால ஒண்ணும் எழுதல டீச்சர். என் வகுப்புலயும் ரெண்டு பேருக்கு எழுத்துக்கூட்ட வரல. உங்க நோட்டைக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

யோசிக்காமல் கொடுத்துவிட்டாள்.

கொடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

பெனிட்டாவின் பேனா பக்கத்தின் தலையிலேயே நின்றிருந்தது. 'தர்ஷிகாவுக்கு' என்று அங்கே அடிக்கோடிட்டு எழுதியிருந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் உருட்டி உருட்டி எழுதினாள்.

தலைமையாசிரியை நாலடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் திரும்புவார்.

பெனிட்டா எழுதி முடித்துவிட்டாள். நோட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

அவள் வாங்கி, பேசாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.