இரண்டாவது பாட்டில்

காற்றைப் பிடித்துக்கொண்டு போக வந்திருக்கிறாளாம். டிரை கிளீனிங் கடை முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடையின் பின்னறையில், சலவை மெஷின்களுக்கு நடுவே, ஆய்வுக்கூடத்துப் பெண் தரையைத் துளைத்து ஒரு மெல்லிய குழாயை இறக்கியிருந்தாள். குழாயைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பி, விரலால் அழுத்தி அழுத்தி இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மண்ணு பிசையறதுக்கா உங்க வீட்டுல காலேஜ் ஃபீஸ் கட்டினாங்க?" என்றார் முதலாளி.

அவள் நிமிரவில்லை. தரைக்கு அடியில் மண்ணுக்குள் தங்கியிருக்கும் காற்றை மட்டும்தான் எடுக்க வேண்டும், களிமண்ணில் ஓட்டை விழுந்தால் மேல்காற்று உள்ளே போய்விடும், யாரும் தொடக் கூடாது என்றாள். அதுவரை எதையும் காதில் வாங்காத முதலாளி, அதை மட்டும் நன்றாக வாங்கிக்கொண்டார்.

எல்லாம் பக்கத்து வீட்டு வாத்தியார் செய்த வேலை. வீட்டுக்குள் மருந்து நெடி அடிக்கிறது, கடைக்காரர் சலவை மருந்தை மண்ணில் கொட்டுகிறார் என்று புகார் கொடுத்துவிட்டார். மண் கெட்டிருந்தால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள். பென்ஷன் வாங்குகிறவருக்குக் கண்ணும் காதும் போனாலும் மூக்கு மட்டும் போகவில்லையே என்று முதலாளி கரித்துக் கொட்டினார்.

முன்பக்கம் கல்லாவில் இருந்த மனைவி, தலை சுற்றுகிறது, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்று கேட்டாள். தூசி வந்து வெள்ளைத் துணியில் உட்காரவா என்று ஒரே அதட்டல். துணி வாங்கவும் கொடுக்கவும் நாள் முழுக்க ஸ்கூட்டரில் சுற்றுகிற தனக்கு வராத தலைவலி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி வரும் என்பது அவர் கேள்வி.

"கடைக்கு வந்தா மட்டும் மகாராணிக்குத் தலைவலி. அம்மா வீட்டுக்குப் போனா மாயமா மறைஞ்சிடும்," என்று அந்தப் பெண்ணிடம் நக்கலடித்தார். அவள் சிரிக்கவில்லை.

முதல் ஸ்டீல் பாட்டில் நிறைந்தது. ஒரே குழாயிலிருந்து இரண்டு பாட்டில் எடுப்பது அவர்கள் வழக்கம். இரண்டாவதை மாட்டி, மெதுவாக நிறையட்டும் என்று விட்டுவிட்டு, அவள் முதல் பாட்டிலை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

முதலாளி ஒரு ஹேங்கரைப் பிரித்துக் கம்பியை நிமிர்த்தினார். மண்ணுக்குள் என்ன எழவு இருக்கிறதோ, யார் கண்டது? பாலில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி நல்ல காற்றைக் கலந்துவிட்டால் தீர்ந்தது விஷயம். குழாயை ஒட்டிக் களிமண்ணில் நாலைந்து ஓட்டை போட்டார். அவள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் விரலால் தடவி மூடிவிட்டு, உத்தமர் மாதிரி சட்டைகளை மடிக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் அவள் பூட்டும் அரக்குமாக வந்து நின்றாள். முகத்தில் தெளிவில்லை. முதல் பாட்டிலில் ஒன்றுமே இல்லையாம். இரண்டாவதில் மட்டும், மனிதர் யாரும் சுவாசிக்கவே கூடாத அளவுக்கு மருந்தாம். ஒரே குழாயில் இது எப்படி என்று அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் இரண்டில் மோசமானதைத்தான் ஆபீசில் எடுத்துக்கொள்வார்கள், மண் கெட்டுவிட்டது என்று கடையை மூடச் சொல்லிவிட்டார்கள் என்றாள்.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். படித்தவர்களின் லட்சணம் இவ்வளவுதான். ஓட்டை போட்டதை ஒப்புக்கொண்டால் நாலு திட்டு விழும், கடையாவது தப்பிக்கும்.

"உங்க படிப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க. அந்த ரெண்டாவது பாட்டில் செல்லாது. களிமண்ணுல நான்தான் கம்பியால ஓட்டை போட்டேன். அதுல இருக்கறது மண்ணுக்குள்ள இருந்த காத்தே இல்ல. அவ்வளவும் என் கடைக்குள்ள இருக்கற காத்து."

ஜெயித்துவிட்ட பெருமையில் அவர் இடுப்பில் கை வைத்து நின்றார். அந்தப் பெண் பூட்டை மேஜை மேல் வைத்தாள். அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகக் கல்லாவுக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, முதல்ல நீங்க எழுந்து வெளியே வாங்க."