வரப்பு தாண்டிய சண்முகவேல்

ஊரில் இப்போது செத்தவர் யாரையும் எரிப்பதில்லை, புதைப்பதும் இல்லை. மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து அவரவர் தோட்டத்திலேயே உழுதுவிடுகிறார்கள். மண்ணுக்கு நல்லதாம். காந்திமதியும் கணவர் சண்முகவேலை அப்படித்தான் தன் வெண்டைப் பாத்தியில் விட்டிருந்தாள். இந்த முறை ஐப்பசி மழை அவரை அப்படியே வரப்பு தாண்டி அடித்துக்கொண்டு போய்விட்டது. தை பிறந்தபோது பக்கத்துத் தோட்டத்துக் கத்திரி இடுப்புயரம் நின்றது.

காந்திமதி கூடையோடு அங்கே போனாள்.

"எங்க வீட்டுக்காரரை அள்ளிட்டுப் போக வந்தேன்."

தோட்டத்துக்காரி செல்வராணி தயங்கினாள். "காய்ப்பு முடியட்டுமே அக்கா. அண்ணாச்சி இப்பதான் மண்ணோட ஒட்டியிருக்காக."

காந்திமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் தோட்டத்துல ரெண்டு வருசம் சும்மா கெடந்தாக. ஒரு பிஞ்சு விட்டாகளா?"

உயிரோடு இருந்தபோதும் அடுத்த வீட்டு வேலை என்றால் முதல் ஆளாக ஓடியவர்தான். செல்வராணி கத்திரிக்காயைப் பறித்து அவள் கூடையை நிரப்பினாள். காந்திமதி ஒரு காயை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பியவள் வரப்பில் நின்று திரும்பினாள்.

"பூச்சிமருந்து மட்டும் அடிச்சிராத. அவுகளுக்கு இளைப்பு இருக்கு."