அசல் விலைச் சிரிப்பு

குற்றவியல் படித்த தாரணிக்கு இறுதியாண்டுச் செய்முறையில் முதலிடம். வாசலில் ஆட்களைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றுக்கு, பொய் சொல்லும் முகம் எப்படி இருக்கும் என்று கற்றுத்தருவதுதான் அந்தச் செய்முறை. மற்ற மாணவர்கள் சிறை வாசலில் தவம் கிடந்தார்கள். இவளோ ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் அப்பா அர்த்தநாரியின் கடையிலேயே உட்கார்ந்து, "சத்தியமா அசலுக்கே தர்றனுங்க" என்று அவர் சிரிப்பதையெல்லாம் அவருக்குத் தெரியாமல் படம்பிடித்தாள். சரக்கு முதல்தரம் என்று பேராசிரியர் மெச்சி, கல்லூரி வாசலிலேயே இயந்திரத்தைப் பொருத்திவிட்டார்.

பட்டமளிப்பு நாளன்று அந்த வாசல் அர்த்தநாரியை மறித்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றார் காவலாளி.

"எம்புள்ள பட்டம் வாங்குதுங்க. பாக்க வந்தனுங்க," என்று அவர் சிரித்தார். பொய் என்று இயந்திரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர்கள் கைப்பையை இறுக்கிக்கொண்டார்கள்.

கறுப்பு அங்கியோடு தாரணி ஓடிவந்தாள். இயந்திரம் யார் முகத்தைப் பார்த்துப் பாடம் படித்தது என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். அப்பாவை வைத்துக்கொண்டு அதை எந்த வாயால் சொல்வது?

"எங்கப்பாதாங்ண்ணா. மெஷின்ல என்னமோ கோளாறு, எனக்குத் தெரியலீங்க," என்று காவலாளியிடம் சிரித்தாள்.

விளக்கு அவளுக்கும் சிவந்தது.

அர்த்தநாரி பதறிக் கைகூப்பினார். "அவளை விட்ருங்க சாமி. எம்புள்ள பொய் பேசாதுங்க. சிரிப்புல மட்டும் என்னைய உரிச்சு வெச்சிருக்குது."

சிரிக்காமல் சொன்னதால் விளக்கு பச்சையானது. கதவும் திறந்தது.

"வா கண்ணு," என்றார். தாரணிக்குத்தான் கால் எழவில்லை.