வேலிக்கு இருபுறமும்

சித்ரகலாவுக்குக் கால் கெஞ்சியது. காலையிலிருந்து மங்கலம் ஊரைச் சுற்றிலும் மானாவாரிக் காடுகளின் ஓரங்களை நடந்து பார்த்து, எந்த ஓரத்தில் பறவையும் பிராணியும் பிழைக்கும் என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். கல்லூரி ஆய்வு வேலை.

கண்டதெல்லாம் கம்பி வேலி, வீட்டு சைட்டுக்கு நட்ட கல், சாயப்பட்டறைச் சுவர். எல்லாம் கடைசித் தரம். ஓணான்கூட ஒதுங்காது.

பொழுது சாயும்போதுதான் அந்தக் கிளுவை முள்செடி வேலி கண்ணில் பட்டது. இரண்டு காட்டுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு மேல் மண்டிக் கிடந்தது. அடியில் கவுதாரிக் குஞ்சுகள் ஓடின. கீரி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

சித்ரகலா அலுப்பை மறந்து சிரித்துவிட்டாள். முதல் தரம்! இந்தப் பக்கம் ஒன்றுமே மிச்சமில்லை என்று இனி எழுத வேண்டியதில்லை.

எல்லை வேலியை ஆய்வில் பதிய இருபுறத்துக் காட்டுக்காரர்களும் சேர்ந்து நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அது ஆய்வின் விதி.

இந்தப் பக்கம் அண்ணன் சென்னியப்பன். அந்தப் பக்கம் தம்பி நல்லான்.

"அவன் வந்தா நான் வரமாட்டனுங்க" என்றார் அண்ணன். தம்பியும் அதையேதான் சொன்னார்.

வேலியைச் சுற்றிச் சுற்றி நடந்து இருவரையும் கெஞ்சினாள். அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் கடைசியில் இருவரும் வண்டித்தடத்துக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் வேலியைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏன்டா இப்பிடி எளச்சுப் போயிட்டே?"

அண்ணன் கேட்டது அவ்வளவுதான். தம்பி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சற்றுப் பொறுத்து, இத்தனை வருஷம் இந்த வேலியை எப்படிக் காப்பாற்றினீர்கள் என்று ஆசையாகக் கேட்டாள்.

"நாங்க எங்கீங்க காப்பாத்துனோம்? எல்லைக் கேசு நடக்குதுங்க. எவன் அருவா வெச்சாலும் கோர்ட்டுல வம்பாயிரும்னு ரெண்டு பேருமே தொடலீங்க" என்றார் நல்லான்.

சென்னியப்பன் தம்பியின் தோளில் கை போட்டார்.

"இனி நடுவால இது எதுக்குங்க? நாளைக்கே பொக்லைன் வெச்சு எடுத்துப் போடறமுங்க. எல்லாம் உங்களாலதான், கண்ணு. நல்லா இருப்பீங்க."

உள்ளே கவுதாரி கத்தியது. மறந்திருந்த கால்வலி மொத்தமாகத் திரும்பி வந்தது.

அவள் என்ன செய்வாள்? அழுது முடித்து நிற்கும் அண்ணன் தம்பியிடம், மறுபடியும் சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்றா சொல்ல முடியும்?